ஒரு கறவை மாடா, எட்டு வெள்ளாடா

போன வருசம் ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் நானும் மாமாவும் குந்தாரப்பள்ளி சந்தையில் நிற்கிறோம். மாமா ஒரு கருப்பு வெள்ளை மாட்டின் உதட்டை இழுத்துப் பிடித்துப் பல் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் போனுமாக அமெரிக்காவில் நடக்கிற டிராஃப்டை, அதாவது அங்கத்து ஃபுட்பால் அணிகள் புதுப் பையன்களை எடுக்கிற நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வியாழன் இரவு எட்டு மணி என்றால் இங்கே வெள்ளி காலை ஐந்தரை, சந்தை சூடு பிடிக்கிற நேரம். இரண்டில் ஒன்றையும் விட மனசு வரவில்லை.

எனக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஆறு வருசம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலை, கிளையன்ட் ஒஹாயோக்காரர்கள். திங்கட்கிழமை கால் என்றால் முதல் இருபது நிமிசம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்தப் பக்கத்து மேனேஜர் எழவு வீட்டில் பேசுகிற குரலில் பேசுவார். ஐம்பது வயசு மனுசன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக இப்படிக் கலங்குகிறாரே என்று பாவப்பட்டுத்தான் ஒரு நாள் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அணி கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். வேலையை விட்டு ஓசூர் பக்கம் வந்து, இப்போது காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரிலேயே இருக்கிறேன், ஆனால் ஞாயிறு இரவு பத்தரைக்கு (நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் பதினொன்றரைக்கு) இன்னும் போனைச் சார்ஜரில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து "யாருடா ஜெயிச்சாங்க" என்பார். "நம்மாளுங்க தோத்துட்டாங்க" என்பேன். "அதான் தெரியுமே" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

விசயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான், பந்து ஒவ்வொரு முறையும் அவன் கைக்கு வந்துதான் போகும், எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து ஓடவிடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிர் அணியின் நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் அவன் மேல் விழ வந்துகொண்டிருப்பான். அவனைக் காப்பாற்ற முன்வரிசையில் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை 32 அணிகளும் வருசத்துக்கு ஒரு முறை வரிசையாக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி இழுக்க முடியாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, அடுத்த கடைசிக்கு இரண்டாம் தேர்வு, இப்படியே ஏழு சுற்று. ஆனால் தன் முறையை இன்னொரு அணிக்கு விற்கலாம். நான் இரண்டாவதாக எடுக்க வேண்டியது, நீ ஐந்தாவது, உன் ஐந்தைக் கொடு, கூடவே இன்னும் இரண்டு மூன்று கீழ்த் தேர்வுகளும் அடுத்த வருச முதல் சுற்றும் கொடு, என் இடத்தை எடுத்துக்கொள். இப்படி இறங்கிப் போவதை டிரேட் டவுன் என்கிறார்கள்.

அன்றைக்குப் பிரவுன்ஸுக்கு இருந்தது அந்த இரண்டாவது தேர்வு. முந்தைய சீசனில் 17 ஆட்டத்தில் 14 தோல்வி, கையில் உருப்படியான குவார்ட்டர்பேக் கிடையாது.

மாமா இடுப்பில் எழுபத்தைந்தாயிரம் இருந்தது. சந்தைக்குக் கிளம்பும்போதே வீட்டில் சண்டை. ஒரு நல்ல எச்.எஃப். கிராஸ் (நிறையக் கறக்கிற கலப்பின) மாடு, இரண்டாம் ஈத்து, கன்றோடு, அந்த விலைக்குக் கிடைக்கும், அத்தைக்கு அதுதான் ஆசை. அதே காசுக்கு ஏழெட்டு வெள்ளாடு பிடித்துவிடலாம், அது மாமாவின் யோசனை. தரகர் மாட்டுக்காரரின் கையையும் மாமாவின் கையையும் சேர்த்துத் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் விரல் பேச ஆரம்பித்தது. வெளியே மூன்று பேரும் மழை வருமா, தக்காளி ராயக்கோட்டையில் என்ன விலைக்குப் போகிறது என்று சம்பந்தமே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமா முகத்தைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒரே ஒரு முறை புருவம் ஏறி இறங்கியது.

சரியாக அந்த நேரத்தில் போனில் வந்தது: கிளீவ்லேண்ட் இரண்டாவது தேர்வை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஐந்தாவது, 36ஆவது, 126ஆவது, அதோடு 2026இன் முதல் சுற்றுத் தேர்வு (நம்மாட்கள் சில்லறையாக இரண்டு கீழ்த் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள்). ஜாக்சன்வில் எடுத்தது டிராவிஸ் ஹன்டர், பந்தைப் பிடிப்பவனாகவும் தடுப்பவனாகவும் இரண்டு பக்கமும் ஆடுகிற அபூர்வப் பையன். "அய்யோ வித்துட்டானுங்க" என்று கத்திவிட்டேன். மாமா துண்டுக்குள் கையை வைத்தபடியே என்னை முறைத்தார். மாட்டுக்காரர், மாட்டை ஏதோ குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல, "என்ன தம்பி வித்துட்டாங்க, மாடு என்னோடதுதான்" என்றார்.

சரி, பிரவுன்ஸ் செய்தது சரியா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எனக்கும் பாலக்கோட்டு நண்பன் ஒருவனுக்கும் (அவனும் அதே நைட் ஷிஃப்டில் கெட்டுப்போனவன்) ஒரு வருசமாகச் சண்டை. அவன் கட்சி: தோற்கிற அணி குவார்ட்டர்பேக்கைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலத்துக்கும் தோற்கும். என் கட்சி: முதலில் கொட்டாயைப் பார்.

கொட்டாய் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018இல் எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு பெரிய மாடு வாங்கினோம். வேளைக்கு ஒன்பது லிட்டர் என்று கறந்தே காட்டினார்கள், பொய்யில்லை, என் கண்ணால் பார்த்தேன். எங்கள் கொட்டாய் மேற்குப் பார்த்த தகரக் கொட்டாய். ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் நின்றால் மனுசனுக்கே நாக்கு தள்ளும். மலைமேல் மாதிரி குளிர் இருக்கிற இடத்து மாட்டுக்கு அது எப்படி இருந்திருக்கும்! நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியபடி நிற்கும். பச்சைத் தீவனம் போட எங்களிடம் கிணற்றில் தண்ணீர் இல்லை, சோளத்தட்டும் புண்ணாக்கும்தான். தரை சரியாகக் காயாமல் ஈரத்திலேயே படுத்து மடிநோய் வந்தது, ஒரு காம்பு அடைத்துப்போனது. சொசைட்டிக்கு ஊற்றிய பால் வேளைக்கு நாலு லிட்டரைத் தாண்டியதே இல்லை. எட்டு மாதத்தில் பாதி விலைக்கு ராயக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டில் ஓலைக் கூரை, வேப்பமரத்து நிழல், கிணறு நிறையத் தண்ணீர், கோ-4 புல். அடுத்த ஈத்தில் அதே மாடு, மூன்று காம்பிலேயே, வேளைக்கு ஏழு லிட்டர். அதை அவரே மாமாவுக்குப் போன் போட்டு வேறு சொன்னார், அந்த வயிற்றெரிச்சல் மாமாவுக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த மாட்டை நினைக்காமல் என்னால் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் படிக்க முடியாது. 2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புத்தம் புது அணி, முதல் தேர்வு அவர்களுக்கு, எல்லாரும் சொன்ன மாதிரி குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். முன்வரிசை என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. முதல் சீசன் 16 ஆட்டத்தில் அந்தப் பையனைப் பந்தோடு சாய்த்தது 76 முறை, லீக் சரித்திரத்திலேயே அதிகம். ஆட்டத்துக்கு ஐந்து முறை தரையில் கிடந்தவன் அப்புறம் எப்படி நிமிர்ந்து நின்று தூரத்தில் ஓடுகிறவனைத் தேடுவான்? டேவிட் காரை மோசமான தேர்வு என்றே பட்டியல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

சாம் டார்னால்ட் என்ற குவார்ட்டர்பேக்கையும் பாருங்கள். 2018இல் நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற, மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து எடுத்த பையன். அங்கே மூன்று வருசத்தில் தீர்ந்துபோனான் என்று தள்ளிவிட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றி 2024இல் மின்னசோட்டா போனான், நல்ல பயிற்சியாளர், பந்தைப் பிடிக்க நல்ல ஆட்கள், 17 ஆட்டத்தில் 14 வெற்றி. எங்கள் பேக்கர் மேஃபீல்டும் அப்படித்தான், அதே 2018 முதல் தேர்வு, இங்கிருந்து தள்ளிவிடப்பட்டு டாம்பாவில் போய் மறுபடி ஆளானான். ராயக்கோட்டைக்காரர் வீட்டு மாடு!

இவ்வளவு சொன்னால் நண்பன் என்ன சொல்வான் தெரியுமா, "அப்போ ஆடே மேய்ச்சுக்கிட்டு இருங்க" என்பான். அங்கேதான் எனக்கும் வாய் அடைத்துப்போகிறது, ஏனென்றால் பிரவுன்ஸ் ஆடு மேய்த்த கதை எனக்கு மனப்பாடம்.

2016இல் இரண்டாவது தேர்வு கையில் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள், அவர்கள் கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். பதிலுக்கு வந்த எட்டாவது தேர்வையும் விற்று 15க்கு இறங்கினார்கள். கணக்குப் புத்தகம் நிறையத் தேர்வுகள். அந்த வருசம் ஒரே ஒரு வெற்றி. அடுத்த வருசம் 2017, முதல் தேர்வில் மைல்ஸ் கேரட் என்று ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்தார்கள், அதில் குறையே சொல்ல முடியாது, தங்கமான ஆள். ஆனால் ஃபிலடெல்ஃபியா வழியாக வந்த 12ஆவது தேர்வை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். ஹூஸ்டன் அதில் எடுத்தது டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக். அந்த சீசன் பிரவுன்ஸ் 16 ஆட்டமும் தோற்றது. பதினாறும்! இரண்டு வருசம் சேர்த்து 32 ஆட்டத்தில் ஒரு வெற்றி.

இனிமேல்தான் கூத்து. 2022இல் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் வேண்டும் என்று கிளம்பி அதே ஹூஸ்டனிடம் போய், மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னும் சிலதையும் கொடுத்து, அதே டெஷான் வாட்சனை வாங்கினார்கள். அதற்கு மேல் 23 கோடி டாலர் சம்பளம், முழுசும் உத்தரவாதம். கன்றுக்குட்டியாக இருக்கும்போது கயிற்றோடு கொடுத்துவிட்டு, ஐந்து வருசம் கழித்து அதே மாட்டை, அதே ஆளிடம், தோட்டத்தை எழுதிக் கொடுத்து ஓட்டி வருவது! வந்த பிறகு முதல் வருசம் 11 ஆட்டத் தடை, அப்புறம் தோள்பட்டை, அப்புறம் குதிகால் தசைநார். ஒஹாயோ மேனேஜருக்கு அந்த வாரம் ஒரு மெசேஜ் போட்டேன், பதிலே வரவில்லை.

1999இல் இந்த அணி மறுபடி தொடங்கியதிலிருந்து எத்தனை பேர் குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கினார்கள் என்று ரசிகர் ஒருவர் ஜெர்சி முதுகில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டே வந்தார், கடைசியில் அவருக்கு முதுகில் இடமில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. போன சீசனில் மட்டும் மூன்று பேர்.

அதனால் இறங்கிப் போவது என்பதே புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டை வாங்கி என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த கதை 2012. வாஷிங்டன் ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூன்று வருச முதல் சுற்றையும் ஒரு இரண்டாம் சுற்றையும் கொடுத்தது. எடுத்தது ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை. முதல் வருசம் பறந்தான், சிறந்த புதுமுகம் விருது வாங்கினான், சீசன் முடிவில் முழங்கால் போனது, அதோடு பழைய ஆள் திரும்பி வரவே இல்லை. 2014 டிசம்பரில் இரண்டு அணிகளும் மோதியபோது ராம்ஸ் ஒரு குசும்பு செய்தது: டாஸ் போட நடு மைதானத்துக்கு ஆறு கேப்டன்களை அனுப்பியது, ஆறு பேரும் அந்த வியாபாரத்தில் கிடைத்த தேர்வுகளால் எடுக்கப்பட்டவர்கள். "பார்றா, நீ கொடுத்த ஆடு எல்லாம் எப்படி வளர்ந்திருக்குன்னு" என்று காட்டுகிற மாதிரி. ஆட்டம் 24-0, ராம்ஸுக்கு. இந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நண்பனுக்கு அனுப்பினேன். அவன் ஒரே வரியில் திருப்பி அடித்தான்: "அந்த ஆறு பேரை வச்சுக்கிட்டு ராம்ஸ் எந்த வருசம் எட்டு ஆட்டம் ஜெயிச்சது?" தேடிப் பார்த்தேன். 2012லிருந்து 2016 வரைக்கும் ஒரு வருசமும் ஏழைத் தாண்டவில்லை. கடைசியில் 2016இல் அவர்களே 15லிருந்து முதலிடத்துக்கு ஏறி ஜாரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்த பிறகுதான் மூன்றாவது சீசனில் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம் வரை போனார்கள்.

ஆக ஆடு எத்தனை வளர்ந்தாலும் பால் குடிக்க ஒரு நாள் மாடு வாங்கித்தான் ஆக வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். எப்போது என்பதுதான் சண்டை.

இன்னொரு சங்கதி, விலை. 1990களின் தொடக்கத்தில் டல்லஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது அந்த அணி ஒரு விலைப்பட்டியல் போட்டது. முதல் தேர்வு 3000 புள்ளி, இரண்டாவது 2600, ஐந்தாவது 1700, பத்தாவது 1300, 36ஆவது 540. இன்றைக்கும் டிவியில் டிரேட் நடந்தால் இதை எடுத்து வைத்துக்கொண்டுதான் கூட்டிக் கழிக்கிறார்கள். இந்தப் பட்டியலே தப்பு என்று ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். தேலர் பின்னாளில், 2017இல், பொருளாதார நோபல் வாங்கியவர். உச்சியில் இருக்கிற தேர்வுகளுக்கு அணிகள் தகுதிக்கு மேல் விலை கொடுக்கின்றன, கொடுக்கிற சம்பளத்துக்குக் கிடைக்கிற ஆட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் கீழே இறங்கி எடுத்தவர்களிடம்தான் லாபம் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. அதில் ஒரு எண் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது: ஒரே இடத்தில் ஆடுகிற இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவன், அவனுக்கு அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆடுவது சுமார் 52 சதவீதம்தான். பூவா தலையா போட்டாலே ஐம்பது வருகிறது. அந்த இரண்டு சதவீதத்துக்காகவா மூன்று வருச விளைச்சலை எழுதிக் கொடுப்பது?

இதற்கு நண்பன் வைத்திருக்கும் பதிலும் நல்ல பதில்தான். அந்தக் கணக்கு போட்ட காலத்தில் உச்சித் தேர்வுகளுக்குச் சம்பளம் எகிறிக்கிடந்தது என்பான். உண்மை. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு வருசத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் ஐந்து கோடி உத்தரவாதம். அடுத்த வருசமே புதுச் சம்பள விதி வந்தது, 2011இன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு நாலு வருசத்துக்கு 2.2 கோடி. அதாவது இப்போது நல்ல குவார்ட்டர்பேக் ஒருவன் டிராஃப்டில் மாட்டினால் நாலு வருசம் சல்லிசாக ஆடுவான், மிச்சப் பணத்தில் மற்ற எல்லாரையும் வாங்கலாம். "அதனாலதான் எல்லாரும் ஏர்றாங்க, நீ பழைய கணக்கைப் பாத்துக்கிட்டு இரு" என்பான். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரிசு பெரிசாகிவிட்டது என்பதால் குருட்டுச் சீட்டு நல்ல சீட்டாகிவிடுமா என்ன.

கரோலைனாவைக் கேட்டால் சொல்வார்கள். 2023இல் ஒன்பதாவதிலிருந்து முதலிடத்துக்கு ஏற, சிகாகோவுக்கு 9, 61, அடுத்த வருச முதல் சுற்று, அதற்கடுத்த வருச இரண்டாம் சுற்று, அதற்கு மேல் டி.ஜே. மூர் என்ற, பந்து பிடிக்கிற அவர்களின் நல்ல ஆள். எடுத்தது பிரைஸ் யங். கவனியுங்கள், பையன் எறிந்தால் பிடிக்க இருந்த ஆளையே பையனுக்கு விலையாகக் கொடுத்துவிட்டார்கள், மாட்டை வாங்கக் கிணற்று மோட்டாரை விற்றது போல. அந்த வருசம் 2 வெற்றி, 15 தோல்வி, லீக்கிலேயே கடைசி. அடுத்த வருச முதல் தேர்வு அவர்களுடையதாக இருந்திருக்கும், ஆனால் அதைத்தான் சிகாகோவிடம் கொடுத்தாயிற்றே. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. யங்குக்கு அடுத்தபடி இரண்டாவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டனில் சிறந்த புதுமுகம். 52 சதவீதம்!

"ஸ்ட்ரவுட்" என்று சொன்னதும் நண்பன் குதிப்பான். ஹூஸ்டன் முந்தைய வருசம் மூன்றே வெற்றி, பையன் வந்தான், பத்து வெற்றி, பிளேஆஃபில் ஒரு ஆட்டமும் ஜெயித்தது. வாஷிங்டன் 2023இல் 4 வெற்றி 13 தோல்வி, ஜேடன் டேனியல்ஸ் வந்தான், 2024இல் 12-5, அரையிறுதி வரைக்கும். இதற்கு என்ன சொல்கிறாய்?

கொட்டாய், அதைத்தான் சொல்வேன். வாஷிங்டனில் முதலாளி புதுசு, மேலாளர் புதுசு, பயிற்சியாளர் புதுசு, பையன் வருவதற்குள் பழைய தகரத்தை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஹூஸ்டனில் ஸ்ட்ரவுட்டின் முதுகுப் பக்கத்தைக் காக்க லாரமி டன்ஸில் என்ற முதல் தரமான ஆள் ஏற்கெனவே நின்றான், புதுப் பயிற்சியாளர் வந்திருந்தார், அதே இரவில் இன்னொரு டிரேட் போட்டு மூன்றாவது தேர்வில் வில் ஆண்டர்சனையும் எடுத்தார்கள். அவர்களும் தோற்கிற அணிதான், ஆனால் ஓலை மாற்றி, தண்ணீர் வரவழைத்துவிட்டு மாடு வாங்கியவர்கள்.

பெரிய பேர் வாங்கிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 199ஆவது தேர்வு, பிராக் பர்டி 262ஆவது, அதாவது கடைசித் தேர்வு, அதனால் குவார்ட்டர்பேக் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான் என்று என் கட்சிக்காரர்களே சிலர் வாதாடுவார்கள். அது வேண்டாம். நம்மூரில் ஒருத்தர் லாட்டரியில் வீடு கட்டினார் என்பதற்காக யாரும் லாட்டரியை நம்பி அஸ்திவாரம் தோண்டுவதில்லை. பிரவுன்ஸும் போன வருசம் 94ஆவதில் ஒருவன், 144ஆவதில் ஒருவன் என்று இரண்டு குவார்ட்டர்பேக் எடுத்தார்கள், இரண்டு பேரையும் இறக்கியும் பார்த்துவிட்டார்கள். யாரும் பிரேடி ஆகிவிடவில்லை.

போன வருச டிரேட் எப்படிப் போனது என்றால், ஐந்தாவதில் மேசன் கிரஹாம், தடுப்பு வரிசைக்கு. 36இல் குவின்ஷான் ஜட்கின்ஸ், பந்தை வாங்கி ஓடுகிறவன். இரண்டு பேரும் வேலைக்கு ஆகிற ஆட்கள், எனக்குத் திருப்தி. ஆனால் பெரிசாக எதிர்பார்த்தது ஜாக்சன்வில்லின் இந்த வருச முதல் சுற்று. அவர்கள் மோசமாக ஆடினால் அது உச்சியில் வரும் என்று ஒவ்வொரு வாரமும் ஜாக்சன்வில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பாவிகள் 13 ஆட்டம் ஜெயித்துவிட்டார்கள். தேர்வு முதல் சுற்றின் பின்பாதிக்குப் போய்விட்டது. அடுத்தவன் தோட்டத்து மகசூலை நம்பி வியாபாரம் பேசினால் இதுதான், அவனுக்கு நல்லா விளைந்தால் நமக்குச் சிரமம்.

சரி, இந்த ஏப்ரலில் என்ன செய்யலாம்? முதல் சுற்றில் இரண்டு தேர்வு கையில் இருக்கிறது. என் கருத்து: இந்த வருசமும் குவார்ட்டர்பேக் வேண்டாம். முன்வரிசையைப் பாருங்கள், ஜோயல் பிடோனியோ 2014இல் எடுக்கப்பட்ட ஆள், அவர் தலையிலேயே கட்டி எத்தனை வருசம் ஓட்டியாயிற்று. முன்னால் இருக்கிற தேர்வைக் கேட்டு யாராவது போன் போட்டால் நாலைந்து இடம் இறங்கிக் கொடுத்துவிட்டு, சுவருக்கு ஒருவன், பந்து பிடிக்க ஒருவன் எடுக்கட்டும். யாரும் கூப்பிடாவிட்டால் இருக்கிற இடத்திலேயே சுவருக்கு ஆள் எடுக்கட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் சொல்லிவிடுகிறேன். மேலாளரும் பயிற்சியாளரும் ஒரே பையனைக் காட்டி, இவன்தான், இவன் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னால் எடுக்கலாம். கேன்சாஸ் சிட்டி 2017இல் 27லிருந்து பத்தாவதுக்கு ஏறி மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது அப்படித்தான், அதுவும் எடுத்ததும் இறக்கிவிடவில்லை, அலெக்ஸ் ஸ்மித் பின்னால் ஒரு வருசம் உட்கார வைத்துப் பார்க்கவிட்டார்கள். நம்மாட்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா? முதல் பாதியில் இரண்டு பந்து தப்பினாலே ஸ்டேடியத்தில் அடுத்தவன் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிடுவார்கள், நானும் இங்கே தனியாகக் கத்துவேன்.

என் கட்சியில் ஒரு ஓட்டை இருப்பதையும் மறைக்கவில்லை. டார்னால்டுக்காக ஜெட்ஸ் கொடுத்த தேர்வுகளை வாங்கிய இண்டியானாபொலிஸ், ஆறாவதில் குவென்டன் நெல்சன், 37இல் பிரேடன் ஸ்மித் என்று முன்வரிசைக்கு இரண்டு தூண்களை நட்டது. டிரேட் டவுன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் பாடம் எடுத்தார்கள். அவர்களிடம் ஆண்ட்ரூ லக் என்ற நல்ல குவார்ட்டர்பேக் இருந்தார், அந்தத் தைரியம். 2019 ஆகஸ்டில், சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, 29 வயதில் லக் போதும் என்று ஓய்வை அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அழகான கொட்டாயில் வருசத்துக்கு ஒரு மாடு கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். நண்பனுக்கு இந்தக் கதை தெரியும், ஆனால் இதுவரை எடுத்து என் மேல் வீசவில்லை. இப்போது படித்துவிட்டு வீசுவான்.

அன்றைக்குச் சந்தையில் மாமா துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டார். விலை படிந்துதான் இருந்தது, சுழியும் சுத்தம், மடியும் நல்ல மடி. மாட்டின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டு, "கொட்டாய் இன்னும் அதே தகரந்தான் மாப்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டுப் பக்கம் நடந்தார். ஒரு கிடா, ஏழு பெட்டை. மழைக்காலத்தில் இரண்டு செத்துப்போனது, ஒன்றை நாய் கடித்தது, மீதி குட்டி போட்டு இப்போது உருப்படி பதினான்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடாக்குட்டிகளை விற்ற காசில் மேற்குப் பக்கம் சுவர் எழுப்பி, தகரத்துக்கு மேல் ஓலை போட்டாயிற்று. கிணற்றுக்கு இன்னும் எதுவும் செய்யவில்லை. அத்தை தினமும் மாடு எங்கே என்று கேட்கிறார்.

இந்த வருச டிராஃப்ட் ஏப்ரல் 23, அங்கே வியாழன், இங்கே 24 வெள்ளி விடிகாலை. மாமா நேற்றே சொல்லிவிட்டார், அன்றைக்குச் சந்தைக்குப் போகிறோம், நாலு குட்டி விற்க வேண்டும், சும்மா ஒரு பார்வை மாட்டுப் பக்கமும் பார்த்துவிட்டு வரலாம் என்று. "நீ வா மாப்ள, ஆனா துண்டுக்குள்ள கை இருக்கும்போது கத்துற வேலையெல்லாம் வச்சுக்காத."